ஓடையில் கொட்டுகிற மலக்கழிவு பூச்சிகளை என்ன செய்கிறது, எப்படிச் சோதிப்பது?

ஓடைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் பணியக்கணக்கு (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) லயங்களுக்குப் பின்னால், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஒரு ஓடை ஓடுகிறது, அது கீழே கெசல்கமுவ ஓயாவில் சேர்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. குடிக்கப் பீலித் தண்ணீர் வேறு இடத்திலிருந்து வந்தாலும், குளிப்பதும் துணி துவைப்பதும் இந்த ஓடையில்தான்.

சில மாதங்களாக இரவு பத்து மணிக்கு மேல் ஒரு கலி பவுசர் (மலக்குழிக் கழிவை உறிஞ்சி ஏற்றுகிற தாங்கி லொறி) ரோட்டு வளைவில் வந்து நிற்கிறது. மலசலகூடக் குழிகளில் உறிஞ்சியதை அங்கே ரோட்டுக்கு அடியால் போகிற மதகுக் கானில் (வடிகாலில்) குழாயை விட்டுத் திறந்துவிட்டுப் போகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இரண்டுமுறை. காலையில் போனால் நாற்றம் மட்டும் இருக்கும், தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். புகார் கொடுத்தோம். மூன்று நாள் கழித்து வந்து ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அதோடு அந்தக் கதை நின்றுவிட்டது.

பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "டீச்சர், முந்தி கல்லைப் புரட்டினால் வால் மூன்று உள்ள சின்னப் பூச்சிகள் ஓடுமே, இப்ப ஏன் இல்லை?" அவளுடைய அப்பா மீன் பிடிக்க அந்தப் பூச்சிகளைத்தான் தூண்டிலில் கோர்ப்பாராம். போய்ப் பார்த்தேன். மதகுக்குக் கீழே கற்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ படிந்திருக்கிறது, புரட்டினால் மெல்லிய சிவப்புப் புழுக்கள். மதகுக்கு மேலே நான் இன்னும் சரியாகத் தேடவில்லை.

இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்களிடம் இருப்பது பத்து மடங்கு பெருக்குகிற கைவில்லைகள், ஒரு பழைய நுணுக்குக்காட்டி, ஃபோன் கேமரா, அவ்வளவுதான். பூச்சிகளைப் பிடித்துப் போத்தலில் விட்டு அந்தக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எப்போது சாகிறது என்று பார்த்தால் போதுமா? இன்னொரு சந்தேகம், மேலே தேயிலை மலைகளுக்குக் களைநாசினி அடிக்கிறார்கள், ஓடை ஓரத்தில் சிலர் மரக்கறியும் போட்டிருக்கிறார்கள். பூச்சி குறைந்ததற்குக் காரணம் அதுதான் என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.


நீர்த்தும்பி எழுதியது:

டீச்சர், பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஓடைப் பூச்சிகளில்தான் என் ஆய்வு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

போத்தல் தண்ணீரில் ஒன்றும் தெரியாமல் போனது எதிர்பார்க்கக்கூடியதே. மலை ஓடையில் தண்ணீர் வேகமாக ஓடும், இரவு பத்து மணிக்குக் கொட்டியது விடியும்போது பல கிலோமீற்றர் கீழே போயிருக்கும், நீங்கள் சொல்கிற மாதிரி மூன்று நாள் கழித்து எடுத்த தண்ணீர் வேறு தண்ணீர். ஆனால் கல்லுக்கு அடியில் இருக்கிற பூச்சி எங்கேயும் போகாது. அது குடம்பியாக (முட்டையில் இருந்து வந்த இளம் பருவத்தில்) வாரக்கணக்கில், சில வகைகள் மாதக்கணக்கில் அதே இடத்தில் கிடந்து, அந்த இரவுகள் எல்லாவற்றையும் அனுபவித்திருக்கும். அதனால் இரவில் நடக்கிற காரியத்துக்குப் பூச்சியை விட நல்ல சாட்சி கிடையாது. உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி, அவளிடம் சொல்லுங்கள்.

அந்த மூன்று வால் பூச்சி, மேஃப்ளை என்கிற பூச்சியின் குடம்பி. வயிற்றின் இரண்டு பக்கமும் இலை மாதிரி மெல்லிய பூக்கள் (செவுள்கள்) இருக்கும், கைவில்லையில் தெளிவாகத் தெரியும், அவற்றால்தான் மூச்சு விடுகிறது. மலக்கழிவின் நுண்துகள் அதில் படிந்தால் மூச்சுத் திணறும். கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கிற தட்டை உடம்புக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் நீங்கள் பார்த்த சாம்பல் பஞ்சு அவர்கள் மேய்கிற கல்லின் முகத்தையே மூடிவிடுகிறது. அது பூஞ்சை மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலும் பற்றீரியாக் கூட்டம்தான், ஸ்ஃபெரோடிலஸ் என்கிற வகை அதில் முக்கியமானது. கழிவுநீர் விழுகிற ஓடைகளில் உலகம் முழுக்க இதைக் காணலாம். சிவப்புப் புழு கைரோனோமஸ் என்கிற கொசு மாதிரி ஒரு ஈயின் குடம்பியாக இருக்கலாம். அதன் உடம்பில் ஈமோகுளோபின் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு, ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் கவனம், ட்யூபிஃபெக்ஸ் என்ற புழுவும் சிவப்புதான், அது பூச்சியே இல்லை, மண்புழுவின் சொந்தம். தலை தனியாகத் தெரிந்து, தலைக்குக் கீழே குட்டிக் கால் மாதிரி ஒரு சோடி இருந்தால் கைரோனோமஸ். தலையும் இல்லை காலும் இல்லை, நூல் மாதிரி நெளிகிறது என்றால் மற்றது.

போத்தல் சோதனை வேண்டாம் என்பேன். ஓடுகிற தண்ணீரில் வாழ்கிற மேஃப்ளையை அசையாத தண்ணீரில் விட்டால் கழிவு ஊற்றாமலே பாதி செத்துப்போகும், அப்புறம் எதனால் செத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆய்வுகூடங்களில் ஓ.ஈ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனம்) வழிகாட்டி 235 என்று 2011இல் வந்த ஒரு முறை இருக்கிறது, அதில் கைரோனோமஸ் குடம்பிகளை, சோதிக்கிற இரசாயனத்தின் வெவ்வேறு செறிவுகளில் 48 மணித்தியாலம் வைத்து, எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுகிறார்கள். தேங்கின தண்ணீரில் வாழக்கூடியது என்பதால் அது அங்கே சரிப்படும். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு அது பொருந்தாது, மலக்கழிவில் கொழுக்கிற பூச்சியையே எடுத்து மலக்கழிவால் கெடுதலா என்று கேட்டால், இல்லை என்றுதான் விடை வரும்.

ஓடையையே சோதனைக்கூடமாக எடுங்கள். மதகுக்கு மேலே ஒரு இடம், கீழே கிட்டவாக ஒன்று, நூறு மீற்றர் கீழே ஒன்று, இன்னும் கீழே, கற்கள் சுத்தமாகத் தெரியத் தொடங்குகிற இடத்தில் ஒன்று. நான்கு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதாவது முழங்காலுக்குக் கீழே ஆழம், சலசலத்து ஓடுகிற தண்ணீர், கைப்பிடி அளவு கற்கள், ஒரே அளவு நிழல். மேலே பாறையும் கீழே சேறும் எடுத்தால் வித்தியாசம் பாறைக்கும் சேற்றுக்கும் உள்ளது, கழிவுக்கு உள்ளது இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பவுசர் கொட்டுகிற அதே மதகால் ரோட்டுத் தண்ணீரும் வருகிறது, எண்ணெய், மண், டயர்த் தூள் எல்லாம் சேர்ந்து. ஆகவே மேலே நல்லா இருக்கிறது, கீழே கெட்டிருக்கிறது என்று காட்டினாலும் "அது ரோட்டால்" என்று ஒருவர் சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கும். அதே ரோட்டில், பவுசர் நிற்காத இன்னொரு மதகு வழியாக ஒரு ஓடை போகுமே, அதையும் எடுத்து மேலும் கீழும் இதே மாதிரி பாருங்கள். அங்கே மதகுக்குக் கீழே பெரிதாக மாற்றம் இல்லை, இங்கே இருக்கிறது என்றால் உங்கள் பேச்சுக்குப் பலம் வரும். ஒரே ஓடையில் கீழே பத்து மாதிரி எடுத்தாலும் அது பத்து ஓடை ஆகாது. சூழலியல் சோதனைகளில் இந்தத் தவறு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984இலேயே எடுத்துக்காட்டினார், அதற்குப் பிறகும் நாம் எல்லோரும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். இரண்டாவது ஓடை ஒன்றாவது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

வலைக்கு நுளம்பு வலைத் துணி போதும். கம்பியில் சட்டம் போட்டுத் தைத்து, தண்ணீர் வருகிற பக்கம் வாய் பார்க்கப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் 30 சதமமீற்றருக்கு 30 சதமமீற்றர் சதுரத்தில் கற்களைக் கையால் தேய்த்து, அடியைக் காலால் ஒரு நிமிடம் கிளறினால் எல்லாம் வலைக்குள் வரும். மிகச் சின்னக் குடம்பிகள் தப்பிவிடும், பரவாயில்லை, எல்லா இடத்திலும் ஒரே வலை என்பதால் ஒப்பீடு கெடாது. ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை. கீழ் இடத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள், இல்லாவிட்டால் மேலே கிளறியது கீழே வந்து கணக்கைக் கெடுக்கும். வெள்ளை பேசினில் கொட்டி, எண்ணி, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடலாம். அடையாளம் தெரியாதவற்றில் ஒன்றிரண்டை மட்டும் 70 சதவீத எதனோலில் வைத்தால் போதும். தட்டான் குஞ்சுகளைக் கட்டாயம் திரும்ப விடுங்கள், இந்த மலைகளில் வேறு எங்கும் இல்லாத வகைகள் இருக்கின்றன. வனவிலங்குச் சரணாலயம், சிவனொளிபாதமலைக் காடு பக்கம் அனுமதி இல்லாமல் ஒன்றும் பிடிக்க வேண்டாம்.

இனத்தின் பெயர் வரை போக வேண்டியதில்லை, குடும்பம் தெரிந்தால் போதும். பிரித்தானியாவில் 1970களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ.பி. என்று ஒரு புள்ளி முறை உருவாக்கினார்கள், மாசைத் தாங்காத குடும்பத்துக்கு 10, நன்றாகத் தாங்குவதற்கு 1. தட்டை மேஃப்ளையான ஹெப்டஜெனிடே 10, சிறிய பேட்டிடே மேஃப்ளை 4, கைரோனோமிடே 2, ட்யூபிஃபெக்ஸ் கூட்டம் 1. புள்ளிகளைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சராசரி வரும், அதை இடத்துக்கு இடம் ஒப்பிடலாம். ஆனால் இது அங்கத்தைய ஆறுகளுக்காகச் செய்த அளவுகோல், "எங்கள் ஓடை இத்தனை புள்ளி, ஆகவே மோசம்" என்று முடிவு சொல்ல முடியாது. முக்கியமாக அந்த முறையில் கூடுதல் புள்ளி வாங்குகிற ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி வகைகள் இலங்கையில் மிகக் குறைவு, மேலே அது கிடைக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். மேலும் கீழும் ஒப்பிட மட்டும் பாவியுங்கள்.


பழைய சைக்கிள் எழுதியது:

மகள், நான் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆக இருந்து ஓய்வு பெற்றவன், பெரும்பாலும் தோட்டப் பக்கம்தான் வேலை செய்தேன். தம்பி சொன்ன முறை நல்லது, ஆனால் பிள்ளைகளை அந்த மதகுக்குக் கீழே இறக்குவதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள். மலக்குழியில் இருந்து எடுத்ததில் நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்), ஈரல் அழற்சி, குடல் புழு முட்டை எல்லாம் வரலாம். ஓடை ஓரத்தில் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. காலில் கொழுந்து மலையில் அட்டை கடித்த புண் இல்லாத பிள்ளை நம் தோட்டங்களில் யார்? அந்தப் புண் போதும் கிருமி உள்ளே போக.

ஆகவே கீழ் இடங்களில் நீங்களும் இன்னொரு பெரியவரும் மட்டும் இறங்குங்கள், முழங்கால் வரை கம்பூட்ஸ், நீளமான ரப்பர் கையுறை. பவுசர் வந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வேண்டாம். பிள்ளைகள் கரையில் இருந்து எண்ணட்டும், பதியட்டும், படம் எடுக்கட்டும், பேசினுக்குள் கையை விடாமல் கரண்டியால் எடுக்கட்டும். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. தொடங்குவதற்கு முன் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள். பவுசரில் இருந்து நேரடியாகக் கழிவு எடுக்கிற வேலை எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

சட்டப் பக்கம் சொல்கிறேன். உள்நாட்டு நீர்நிலைக்கு விடுகிற கழிவுநீரின் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கிற ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 2008 வர்த்தமானியில் இருக்கிறது. மலக்குழிக் கழிவில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே கொட்டியது கொஞ்சமா நிறையவா என்ற பேச்சுக்கே இடமில்லை, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதலாம். பொலிஸ் மூலம் நீதவானிடம் போக, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 98ஆம் பிரிவு இருக்கிறது, பொதுத்தொல்லையை நிறுத்தக் கட்டளை கேட்கலாம். நான் பணியில் இருந்தபோது கண்டது, "நாறுகிறது" என்று எழுதின புகார் கோவைக்குள் தூங்கும், திகதி, நேரம், வாகனத்தின் படம், இடத்தின் படம் சேர்த்து ஆறு பேர் கையெழுத்து வைத்த புகார் நகரும். பவுசர் வருகிற ஒவ்வொரு இரவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாகனத்தை மறிக்கப் போக வேண்டாம், தூரத்தில் இருந்து படம் போதும். இந்தக் கொப்பி உங்கள் பூச்சிக் கணக்குக்கும் தேவைப்படும்.

இன்னொன்று, ஓடையை மட்டும் பார்க்காதீர்கள். கானில் தேங்கி நிற்கிறதே, அதையும் ஒரு டோச் லைட் அடித்துப் பாருங்கள். அழுக்குத் தண்ணீரில் முட்டையிடுகிற கியூலெக்ஸ் நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும், நீண்ட வால் மாதிரி மூச்சுக்குழாய் உள்ள எலிவால் புழு இருக்கும், மதகுச் சுவரில் அந்துப்பூச்சி மாதிரி மயிர் முளைத்த சின்ன ஈ ஒட்டியிருக்கும். இந்தக் கியூலெக்ஸ்தான் யானைக்கால் நோயைப் பரப்புகிற நுளம்பு. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இலங்கை அந்த நோயை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் ஏற்றுக்கொண்டது, ஆனால் நுளம்பு போகவில்லை. லயத்துச் சனங்களிடம் மேஃப்ளை குறைந்துவிட்டது என்று சொன்னால் தலையாட்டுவார்கள், நுளம்பு கூடிவிட்டது என்று சொன்னால் கூட வருவார்கள்.


லீக்ஸ் பாத்தி எழுதியது:

கந்தப்பளைப் பக்கம் மரக்கறி செய்கிறவன் நான். எல்லோரும் எழுதியதை வாசித்தேன், ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். டீச்சர் சொன்ன அந்த ஓடை ஓரத்து மரக்கறிப் பாத்திகளை லேசாக விட்டுவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் செய்கிறதை நான் மறைக்க மாட்டேன். மருந்து அடித்து முடிந்ததும் டாங்கியை ஓடையில்தான் கழுவுகிறார்கள். பல வருஷத்துக்கு முன் நானும் கழுவியிருக்கிறேன். மறுநாள் காலையில் கூனி இறாலும் தண்ணீர்ப் பூச்சிகளும் ஓரத்தில் செத்து ஒதுங்கியிருந்ததைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன், அன்றைக்கு அந்தத் தண்ணீரில் மாடு குடித்திருக்குமோ என்று நாள் முழுக்கப் பயம்.

ஆகவே பூச்சி இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பவுசர்காரனைப் பிடித்தால், அவன் எங்களைக் கை காட்டுவான். எங்களைக் கை காட்டினால் நாங்கள் தோட்டத்துக் களைநாசினியைக் காட்டுவோம். கடைசியில் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். இதைப் பிரித்துக் காட்ட ஒரு வழி இருக்கிறதா தம்பி? அது தெரிந்தால் எங்கள் பக்கத்து ஓடையிலும் செய்து பார்க்க நான் ரெடி.


நீர்த்தும்பி எழுதியது:

அண்ணே, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. வழி இருக்கிறது.

பூச்சிநாசினி பெரும்பாலும் பூச்சியின் நரம்பைத் தாக்குகிறது. ஆகவே பூச்சிகளும் அவற்றின் நெருங்கிய சொந்தமான இறால், நண்டும் சாகும், புழுக்களும் நத்தைகளும் பெரும்பாலும் தப்பிக்கும். அண்ணன் பார்த்தது அதுதான். மலக்கழிவு அப்படி இல்லை. அது சிலருக்கு விஷம், சிலருக்கு விருந்து. தட்டை மேஃப்ளை போகும், ஆனால் கைரோனோமஸ் பெருகும், இரண்டுமே பூச்சிதான். பூச்சிநாசினி என்றால் கைரோனோமஸும் சேர்ந்து குறைய வேண்டும். கீழே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், வலை பின்னித் துகள் பிடித்துச் சாப்பிடுகிற ஹைட்ரொப்சைக்கிடே குடும்பத்துக் கெடிஸ் என்கிற பூச்சியின் குடம்பியும், கல்லில் கொத்தாக நிற்கிற, சிமுலியம் என்கிற சின்ன ஈயின் குடம்பியும் வழமையை விடக் கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் மேலே கொட்டியதன் மிச்சத் துகள்கள் அவற்றுக்குச் சாப்பாடு. யார் போனார்கள் என்பதோடு யார் வந்தார்கள் என்பதையும் எழுதினால்தான் காரணம் தெரியும். டீச்சர், இதனால்தான் மொத்தத்தில் எத்தனை பூச்சி என்று மட்டும் எண்ண வேண்டாம் என்கிறேன், கீழே மொத்தம் கூடக்கூடும், பார்க்கிறவர் ஓடை செழிப்பாக இருக்கிறது என்று நினைப்பார்.

தோட்டத்துக் களைநாசினி வேறு மாதிரி. அது நேரடியாகப் பூச்சியைக் கொல்வதை விட, புல் செத்து மண் வெறுமையாகி மழைக்கு மண் கரைந்து வந்து கற்களின் இடுக்கை அடைப்பதுதான் பெரிய பிரச்சினை. அது மதகுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரித் தெரியும், கல்லைப் புரட்டினால் சாம்பல் பஞ்சு இருக்காது, செம்மண் இருக்கும். மரக்கறிப் பாத்தி எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். பாத்தி மதகுக்கு மேலே என்றால், பாத்திக்கும் மேலே ஒரு இடம், பாத்திக்கும் மதகுக்கும் நடுவில் ஒரு இடம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியையும் தனியாகப் பார்க்கலாம்.

ஒட்சிசன் பற்றியும் சொல்ல வேண்டும். கழிவு விழுந்தால் ஒட்சிசன் குறைந்து மூச்சு முட்டிப் பூச்சி சாகும் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1925இல் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை வைத்து எழுதிய கணக்கில் இருந்து அது வருகிறது, அதில் ஒட்சிசன் மிகக் குறைவது கொட்டிய இடத்தில் இல்லை, கொஞ்சம் கீழே. ஆனால் அது சமதரையில் மெதுவாக ஓடுகிற பெரிய ஆறு. நம் ஓடை பாறையில் விழுந்து விழுந்து காற்றைக் கலந்துகொண்டே போகிறது, ஆகவே மீற்றர் வைத்துப் பார்த்தால் ஒட்சிசன் நன்றாகவே இருக்கலாம். அதைக் காட்டி "பாதிப்பு இல்லை" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். படிவும் சாம்பல் பஞ்சும் அமோனியாவும் வேறு வழியில் கொல்லும். யாராவது ஒட்சிசன் மீற்றர் கொண்டு வந்தால் உயரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். 20 பாகை வெப்பத்தில் கடல் மட்டத்தில் தண்ணீர் லீற்றருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 1300 மீற்றர் உயரத்தில் 8க்கும் கொஞ்சம் குறைவுதான் பிடிக்கும். சுத்தமான ஓடையிலேயே அவ்வளவுதான் இருக்கும்.

அமோனியாவில் நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம். அதில் விஷமான பகுதி பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) கூடும்போதுதான் கூடும். 20 பாகையில் பி.எச். 7 என்றால் நூற்றில் அரைப் பங்கும் இல்லை, 8 என்றால் கிட்டத்தட்ட நான்கு பங்கு. உங்கள் ஓடை பி.எச். 7க்குக் கீழே இருந்தால் அமோனியாவின் பங்கு சின்னது, படிவின் பங்கு பெரியது என்று ஊகிக்கலாம். பாடசாலையில் பி.எச். தாள் இருக்கும், வெயில் நேரத்திலும் ஒருமுறை பாருங்கள், பாசி நிறைய இருந்தால் மத்தியானம் பி.எச். ஏறும்.


ஓடைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், தவணைப் பரீட்சை வந்துவிட்டது. ஐயா சொன்ன மாதிரி கீழே நானும் லயத்து அண்ணன் ஒருவரும் மட்டும்தான் இறங்கினோம், பிள்ளைகள் கரையில். எம்.ஓ.எச். அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்தாயிற்று.

முதல் நாளே வாயடைத்துப் போனோம். மதகுக்கு மேலே ஒரே ஒரு சதுரத்தில் தட்டை மேஃப்ளை, கூடு கட்டின கெடிஸ் (ஒன்று மணலை ஒட்டிக் குழாய் மாதிரி செய்திருக்கிறது, பிள்ளைகள் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் கைவில்லையோடு சுற்றி நின்றார்கள்), தட்டான் குஞ்சு இரண்டு வகை, நீர்வண்டு. கீழே கிட்டவான இடத்தில் மூன்று முறை கிளறியும் சிவப்புப் புழுக்கள்தான், தலை உள்ளதும் தலை இல்லாததும் கலந்து. எண்ணிக்கையில் கீழேதான் நிறைய, தம்பி சொன்னது போலவே. அந்த மாணவி மேலே கிடைத்த மேஃப்ளையைப் பார்த்துவிட்டு, "இங்க இருக்குது டீச்சர்" என்று கத்தியதை என்னால் மறக்க முடியாது.

மரக்கறிப் பாத்தி மதகுக்கு மேலேதான் இருக்கிறது. பாத்திக்கும் மதகுக்கும் நடுவிலும் பார்த்தோம், மேஃப்ளை கொஞ்சம் குறைவு, ஆனால் இருக்கிறது, பஞ்சு இல்லை. இரண்டாவது ஓடையும் கண்டுபிடித்துவிட்டோம், ரோட்டில் அரைக் கிலோமீற்றர் தள்ளி, அங்கே இன்னும் இறங்கவில்லை.

இப்போது என் பிரச்சினை மழை. எண்ணி முடித்த இரண்டாம் நாள் அடித்த மழைக்கு ஓடை பெருகி, அடுத்த கிழமை போனால் மேலேயும் பூச்சி குறைவு. முதல் கணக்கு பிழையா?


நீர்த்தும்பி எழுதியது:

பிழை இல்லை. வெள்ளம் கற்களை உருட்டி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும், தப்பியவை திரும்பப் பரவ நாள் எடுக்கும். அதனால் பெரிய மழை விட்டு ஒன்றிரண்டு கிழமையாவது போகட்டும், நான்கு இடத்தையும் இரண்டு ஓடையையும் முடிந்தவரை ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த நாளில் எண்ணுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கம் விடாது, ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள வறட்சிக் காலத்தில் கணக்கு மிகத் தெளிவாக வரும், ஓடையில் தண்ணீர் குறைவு என்பதால் கழிவு ஐதாகாமல் பாதிப்பும் அப்போதுதான் கூடுதல்.

மழைக்காலத்தில் செய்ய ஒன்று சொல்கிறேன். பெரிய வெங்காயம் வருகிற வலைப் பை இருக்கிறதல்லவா, அதில் ஒரே அளவான, கழுவிக் காயவைத்த கற்களை ஒரே நிறைக்கு நிரப்பி, ஒவ்வொரு இடத்திலும் நான்கு பை வைத்து, கரையில் உள்ள மர வேரில் கயிற்றால் கட்டுங்கள். நான்கு முதல் ஆறு கிழமை கழித்து, பையை வலைக்குள் தூக்கி எடுத்து எண்ணலாம். எல்லா இடத்திலும் ஒரே கல், ஒரே நாள், ஒரே அளவு, அப்புறம் அடி வித்தியாசம் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு பையில் ஓடை ஓரத்து மரம் ஒன்றின் காய்ந்த இலையை நிறுத்துப் போடுங்கள், எல்லா இடத்துக்கும் ஒரே மரத்தின் இலை. இலை தின்னும் பூச்சிகள் மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா என்பது இலையின் நிறை குறைவதிலும் தெரியும்.

பாத்திக்குக் கீழே மேஃப்ளை குறைவு என்று எழுதியதையும் விடாமல் பதியுங்கள். பவுசருக்கு எதிராக வழக்கு வலுக்க வேண்டும் என்று அதை மறைத்தால், பிறகு ஒருவர் கண்டுபிடித்துக் காட்டும்போது மற்றக் கணக்கையும் நம்ப மாட்டார்கள்.


லீக்ஸ் பாத்தி எழுதியது:

அதைப் பதிவது சரிதான், எங்களுக்கும் நல்லது. டீச்சர், அந்தப் பாத்திக்காரர் யார் என்று தெரிந்தால், டாங்கியைக் கழுவின தண்ணீரை ஓடையில் விடாமல் அடித்த பாத்திக்கே திரும்ப ஊற்றச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், கூடுதல் வேலை பத்து நிமிடம். வெங்காயப் பை என்னிடம் நிறைய இருக்கிறது, ஹட்டன் வருகிற லொறியில் கட்டிக் கொடுத்து விடுகிறேன், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.


பழைய சைக்கிள் எழுதியது:

மகள், பவுசர் கொப்பி எப்படிப் போகிறது? முதல் எண்ணியதற்கு முன் கடைசியாக என்றைக்கு வந்தது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒருவேளை புகாரால் பவுசர் நின்றுபோனால் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டாம். நின்ற பிறகு மேஃப்ளை மதகுக்குக் கீழே திரும்பி வருகிறது என்று உங்கள் கணக்கு காட்டினால் அதை விடப் பெரிய அத்தாட்சி இல்லை.


ஓடைக்கரை எழுதியது:

ஐயா, கொப்பி நடக்கிறது, முதல் எண்ணுவதற்கு நான்கு நாள் முன்னால் வந்திருக்கிறது, எழுதிவிட்டேன். லயத்தில் மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கிறார்கள், வாகனத்தின் படம் இரண்டு கிடைத்திருக்கிறது.

அண்ணா, ஐம்பது பை போதும், இரண்டு ஓடையிலும் நான்கு நான்கு இடத்தில் கல்லுக்கு முப்பத்திரண்டு, இலைக்கு எட்டு, மிச்சம் அறுந்தால் மாற்ற. பாத்திக்காரர் எங்கள் மாணவன் ஒருவனின் மாமாதான், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுகிறேன். பிள்ளைகள் கல் பொறுக்கிக் கழுவி மைதானத்தில் காயப் போட்டிருக்கிறார்கள், தராசு குசினியில் இருந்து எடுத்தது. மழை விட்டதும் பைகளை இறக்குகிறோம், எடுத்த அன்றே இங்கே படங்களோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியாதவற்றுக்குத் தம்பி உதவ வேண்டும்.